ஓடியவன் யார்?

அரபு இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவன் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் சொல்வகைகளுள் ஒன்று இஸ்முல் ஃபாயில் என்பது. செயலின் வேரிலிருந்து செய்தவனுக்குப் பெயர் பிறக்கும் முறை அது. எழுதுவோன் காத்திப், அடிப்போன் ழாரிப். இலக்கணம் கற்பிக்கும் உஸ்தாது இவ்வளவோடு நிறுத்திக்கொள்வார். பின்னர் உஸூல் எனப்படும் சட்ட மூலவியல் நூலைக் கையிலெடுக்கும் உஸ்தாதோ அங்கே ஒரு முடிச்சைப் போடுவார். அடித்து முடித்துக் கையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டவனை இன்னமும் ழாரிப் என்றழைப்பது நேர்ப்பொருளிலா, உபசார வழக்கிலா? செயல் நீங்கினால் பெயரும் நீங்கும் என்பர் ஒரு சாரார். ஒருகால் செய்தமையே பெயருக்குப் போதும் என்பர் மறு சாரார். இளம் மாணவனுக்கு இது வெறும் சொற்சிலம்பமாகத் தோன்றும். அப்பெயரைச் சுமந்து வாழ்ந்த மனிதன் ஒருவன் எதிரே வந்து நிற்கும்போதுதான் அந்த வழக்கின் கனம் புலப்படுகின்றது.

தமிழ் இதில் சற்று எச்சரிக்கையான மொழி. நம் வினையாலணையும் பெயர் காலம் காட்டும். ஓடியவன், ஓடுகின்றவன், ஓடுவான் என்று பெயரிலேயே பொழுதைக் குறித்துவிடுகின்றோம். ஆனால் வீரன், வீராங்கனை, சாம்பியன் என்று நாம் சூட்டும் பட்டங்களுக்குக் காலம் இல்லை. சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது. காலமில்லாத பெயரைக் காலத்துக்குட்பட்ட கால்களின்மீது ஏற்றி வைக்கின்றோம். முப்பது வயதில் கால்கள் நின்றுவிடுகின்றன. பெயரோ நிற்பதில்லை, அதைச் சுமப்பவனுக்கு அது தன்னுடையதா, இறந்துபோன வேறொருவனுடையதா என்பது விளங்குவதுமில்லை.

மற்றத் தொழில்களுக்கு இந்த இடர் இவ்வளவு கொடுமையாக நேர்வதில்லை. ஆசிரியனுக்கு நரை ஓர் அணி. மருத்துவர் ஐம்பது வயதில்தான் கைராசிக்காரர் எனப் பேர் வாங்குகின்றார். உழவன் தளர்ந்தாலும் வரப்பில் நின்று விதைப்பின் பருவம் சொல்லலாம். உடலையே கருவியாகவும் அரங்காகவும் கொண்ட விளையாட்டு வீரன் மட்டும், பிறர் தொழில் தொடங்கும் வயதில் தொழிலை முடித்துவிட்டு, எஞ்சிய நாற்பது ஆண்டுகளை என்ன செய்வதென்று அறியாமல் நிற்கின்றான். ரயில்வேயிலும் வங்கியிலும் காவல்துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துவிட்டால் ஆயிற்றே என்பார் உளர். சம்பளம் கிடைக்கும், உண்மைதான். ‘நான் யார்?’ என்ற வினாவுக்குச் சம்பளப் பட்டியலில் விடை இராது.

புறநானூற்றில் ஆமூர் மல்லன் என்றொருவன் வருகின்றான். சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி அவனோடு மற்போர் செய்து வென்ற நிகழ்ச்சியைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். வென்றவனுக்கு முழுப்பெயர் உண்டு, குலம் உண்டு, பாடிய புலவர் உண்டு. தோற்றவனுக்கு ஊரும் தொழிலும் மட்டுமே பெயர். அவன் தாய் அவனை என்ன பெயரிட்டு அழைத்தாள் என்பது எவருக்கும் தெரியாது. மற்போர் ஒன்றே அவன் முழு வாழ்வு என்பதுபோல் இலக்கியம் அவனைப் பதிந்து வைத்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் நாம் அதைத்தானே செய்து வருகின்றோம்?

நம் சென்னை மாநகர் ஒருகால் இப்பொருளுக்குப் பெருஞ்சான்று ஒன்றைக் கண்ணாரக் கண்டிருக்கின்றது. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி இங்கே வந்தார். நேரு விளையாட்டரங்கில், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில், ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அன்று திரண்ட கூட்டத்தைப் பற்றி மூத்தோர் இன்றும் பேசக் கேட்கலாம். அக்கூட்டம் எண்ணிப் பார்த்திருக்க முடியாத ஒரு செய்தி உண்டு. அன்று அவர் குத்துச்சண்டை வீரர் அல்லர்! முந்திய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டதாக அறிவித்திருந்தார். சென்னை கண்டது, இலக்கணப்படி சொன்னால், ‘சண்டையிட்டவரை’.

அதே பயணத்தில், அவர் இந்தியாவில் இருக்கையிலேயே, அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அழைப்பு வந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு ஆப்பிரிக்க நாடுகளிடம் பேசும் தூதராக இங்கிருந்தே புறப்பட்டுப் போனார். தான்சானிய அதிபர் நியரேரே அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான பேச்சுக்கு ஒரு விளையாட்டு வீரரை அனுப்புவதா என்பது அங்கே எழுந்த மனக்குறை. பழைய பெயர் முடிந்துவிட்டது. புதிய பெயரை உலகம் ஏற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸுக்கு எதிராக மீண்டும் களம் இறங்கினார். வயது 38. பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய பின் அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். அப்போதும் மனம் அடங்காமல் 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்ற பின்னரே கையுறையைக் கழற்றினார். 1984இல் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் உறுதி செய்தனர்.

பணத் தேவையும் அவரைத் திரும்பக் களத்துக்கு இழுத்தது என்பர், மறுப்பதற்கில்லை. எனினும் நம்மை வியப்பிலாழ்த்துவது வேறொன்று. இதே மனிதரிடமிருந்து 1967இல் பட்டம் பறிக்கப்பட்டது. வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்தமைக்கு அது தண்டனை. உடல் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் அவர் களத்தில் இறங்க இயலவில்லை. அப்போது அவர் உடையவில்லை. கல்லூரி கல்லூரியாகச் சென்று பேசினார். காஷியஸ் கிளே என்ற பெயரை 1964இலேயே உதறியவர், தாம் யார் என்பதில் ஐயமின்றி இருந்தார். பட்டத்தைப் பறித்தபோது நிமிர்ந்து நின்றவரால், தாமே துறந்தபோது ஏன் நிற்க முடியவில்லை? நமக்குத் தோன்றுவது இது: 1967இல் அவர் ஒன்றின் பொருட்டு இழந்தார். இழந்த இடத்தை அவர் எதன் பொருட்டு இழந்தாரோ அதுவே நிரப்பிற்று. 1979இல் நேர்ந்தது வெறும் முடிவு. வயது ஆயிற்று, அவ்வளவே. வெறும் முடிவைத் தாங்குவது தியாகத்தைத் தாங்குவதினும் கடினம் போலும்!

இதன் காரணத்தை 14ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் வேறொரு வாயிலால் அணுகியிருக்கின்றார். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ‘மலக்கா’ என்னும் கருத்தை விளக்குகின்றார். ஒரு தொழிலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் அது கையில் தங்குவதோடு நில்லாமல் ஆன்மாவிலேயே சாயமாக ஏறிவிடுகின்றது என்பது அவர் கொள்கை. தையற்காரன் ஒருவனுக்கு அக்கலை உள்ளத்தில் ஊறிவிட்ட பின் தச்சுக்கலையில் அவன் தேர்ச்சி பெறுவது அரிது என எடுத்துக்காட்டும் தருகின்றார். முன்னைச் சாயம் பின்னைச் சாயத்தைப் பற்றவிடுவதில்லை. எட்டு வயதில் ஓடுதளத்தில் விடப்பட்டு, இருபது ஆண்டுகள் அதையன்றி வேறறியாமல் வளர்க்கப்பட்ட ஒருவனை நோக்கி, ‘ஓட்டம் போனால் போகட்டும், வேறு வேலை பார்’ என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகின்றோம்!

இக்கால உளவியலாரும் இதனை அளந்து பார்த்திருக்கின்றனர். பிரிட்டன் புரூவரும் அவருடன் ஆய்ந்தோரும் 1993இல் வெளியிட்ட ஆய்வுரை, ஒருவர் தம்மை எவ்வளவு தூரம் விளையாட்டு வீரராகவே காண்கின்றார் என்பதை அறிய ஓர் அளவுகோல் வகுத்தது. அப்படி ஒன்றிப்போவது ஹெர்குலிஸின் தோள்வலியா, அக்கிலிஸின் குதிகாலா என்று அவர்கள் தலைப்பிலேயே வினவினர். இரண்டும்தான். களத்தில் வலிமை தருவது எதுவோ, களம் முடிந்தபின் வீழ்த்துவதும் அதுவே. ஆகவே தொடக்கத்திலிருந்தே வாழ்வைப் பல கிளைகளாக வளர்த்துக்கொள் என்று ஆலோசகர்கள் அறிவுறுத்துகின்றனர்.

நல்ல அறிவுரைதான், ஆனால் அதனுள் ஓர் அறவினா ஒளிந்திருக்கின்றது. பாதி மனத்தோடு ஓடியவர் எவரேனும் பதக்கம் வென்றதுண்டா? முழுமையாகத் தன்னைக் கொடு என்று பயிற்சியாளரும் பெற்றோரும் அரசும் ஒரு சிறுவனிடம் கேட்கின்றோம். கொடுத்த பின், ‘ஏன் முழுவதையும் கொடுத்தாய்? கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமே’ என்று ஆலோசகர் வாயிலாகக் கேட்பது நேர்மையாகுமா? தன் நலனை அறியும் வயது வராத பிள்ளையிடமிருந்து பெற்றுக்கொண்டது அமானிதம். அமானிதத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு பெற்றவனுடையது; கொடுத்தவனுடையதன்று. இழப்பைத் தாங்கும் வகையை வீரனுக்குக் கற்பிப்பது வேண்டற்பாலதே. அவனிடம் அனைத்தையும் கேட்டோரின் கடன் அதனால் தீர்ந்துவிடாது.

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஓய்வு நாள்களில் நாம் செல்வதுண்டு. 2010 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்ட அக்கட்டடத்தை மறு ஆண்டே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்ததும், உயர்நீதிமன்றம் தடைவிதித்ததும் வாசகர் அறிந்ததே. கட்டடத்துக்குக்கூடத் தன் பெயரை இழக்கும் அச்சம் ஒருகால் வந்தது. அதற்காக வழக்காட ஆட்கள் இருந்தனர். அந்நூலகத்தின் வாயிலில்தான், அடையாற்றங்கரையை அடுத்த வாரியக் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை அவருடைய தந்தை நம்மிடம் அழைத்து வந்தார். கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடியவர். முழங்கால் தசைநார் இருமுறை அறுந்து, இனிப் போட்டியில் ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லி ஆறு மாதமாகிவிட்டது. மைதானத்தைக் கடக்க நேரும் என்பதற்காகவே ரயில் நிலையத்துக்குச் சுற்றுவழியில் போகின்றார் என்றார் தந்தை.

“ஹஜ்ரத், எல்லாரும் ‘எப்ப திரும்ப ஆடப் போற?’ன்னுதான் கேக்குறாங்க. ஆட மாட்டேன்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் என்கிட்ட பேச அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல.”

அவர் சொன்னது இவ்வளவே. நூல்களில் நாம் தேடியது அவ்விரு வாக்கியங்களில் இருந்தது. பிறர் அவரோடு பேசியதெல்லாம் அவருடைய காலோடு பேசியதாகவே இருந்திருக்கின்றது.

இப்னு ஸீனாவின் புகழ்பெற்ற கற்பனை ஒன்று அப்போது நம் நினைவுக்கு வந்தது. வெளியில் மிதக்கும் மனிதன் ஒருவனை அவர் எண்ணிப் பார்க்கச் சொல்கின்றார். அவன் காணவில்லை, கேட்கவில்லை, தன் உறுப்புகள் ஒன்றையொன்று தொடுவதைக்கூட உணரவில்லை. எனினும் ‘நான் இருக்கின்றேன்’ என்பதை அவன் அறிவான். ஆதலின் ஆன்மா உடலுக்கு வேறானது என்பது அவர் துணிபு. பாடம் நடத்த அருமையான எடுத்துக்காட்டு. அன்று அதை நாம் எடுத்துரைக்கவில்லை. ‘உடல் நீ அன்று’ என்பது, உடலால் மட்டுமே உலகோடு பேசி வந்த ஒருவருக்கு ஆறுதலாகாது. ஓர் அவமதிப்பாகக்கூடப் படலாம். வெளியில் மிதப்பவனுக்குத் தான் இருப்பது தெரியும். தான் எதற்காக இருப்பது என்பது அவனுக்கும் தெரியாதல்லவா?

மாறாக அவரிடம் ஒன்று கேட்டோம். “தம்பி, பந்து எங்கே வரப் போகிறது என்பது உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?” முதலில் தயங்கினார். பின்பு ஒரு மணி நேரம் பேசினார். எதிராளியின் இடுப்பு எப்பக்கம் திரும்புகின்றது, அவன் தோள் எவ்வாறு பொய் சொல்லும், மழைக்குப் பிந்திய தரையில் பந்து எத்தனை விரற்கடை தாமதிக்கும் என்றெல்லாம் விரல்களால் காற்றில் கோடு வரைந்தார். இப்னு கல்தூன் சொன்ன சாயம் அதுதான். கருவி முறிந்துவிட்டது, சாயம் போகவில்லை. அவர் பயிற்சியாளராகிவிட்டார் என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆகவில்லை. கைப்பேசிக் கடை ஒன்றில் பணி செய்கின்றார். மைதானத்து வழியாக நடக்கத் தொடங்கியிருக்கின்றார்.

முடிவை மறைக்காமல் சொல்லும் முறைக்கு ஹதீஸ் நூல்களில் இரு நிகழ்ச்சிகள் உண்டு. இரண்டும் பந்தயத்தைப் பற்றியவை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அழ்பா என்னும் ஒட்டகம் எப்பந்தயத்திலும் முந்தப்படாதது. நாட்டுப்புறத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது இறைவனின் நியதி என்ற கருத்தை நாயகம் அவர்களுக்கு உணர்த்தினார்கள். அடுத்தமுறை வெல்லும் என்று சொல்லவில்லை. போட்டி நேர்மையாக நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடிய ஓட்டம். முதன்முறை அன்னையார் முந்தினார்கள். ஆண்டுகள் சென்று உடல் பருத்த பின் மீண்டும் ஓடியபோது நாயகம் முந்தினார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று நகைமொழியாகச் சொன்னார்கள். இதில் நம் உள்ளத்தைத் தொடுவது வெற்றி தோல்வியன்று. உடல் மாறிவிட்டதை அறிந்தும் ‘வா, ஓடுவோம்’ என்று அழைத்த அழைப்பு! ஓட இயலாதவராக அவர்களை ஒதுக்கி வைக்கவில்லை.

தோல்வியாலும் முதுமையாலும் மட்டுமே இவ்விடர் வரும் என்றெண்ணுவதும் தவறு. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தைத் துப்பாக்கி சுடுதலில் வென்ற அபினவ் பிந்த்ரா, அவ்வெற்றிக்குப் பின்னரே தம்மைப் பெரும் வெறுமை சூழ்ந்ததாகப் பலமுறை வெளிப்படையாகக் கூறியிருக்கின்றார். குறி இருந்தவரை ஆள் இருந்தார். குறி வீழ்ந்ததும் ஆளைத் தேட வேண்டியதாயிற்று.

இனி, மேற்சொன்ன எவற்றோடும் சேராத ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 வினாடிகளில் ஓடி வெள்ளி வென்றார். சில நாள்களில் பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசளித்துத் துணைநின்றது உண்மை. ஆயினும் அவரைக் களத்துக்கு அனுப்பிய விளையாட்டு உலகம் கைவிட்டது. சில ஆண்டுகளில் அவர் மீண்டும் செங்கல் சூளையில் வேலை செய்யும் நிலை வந்தது.

பிறரிடமிருந்து காலம் எடுத்துக்கொண்டது ‘ஓடுகின்றவர்’ என்ற பெயரை. இவரிடமிருந்து மனிதர்கள் எடுத்துக்கொண்டது ‘பெண்’ என்ற பெயரை; பிறந்த நாள் முதல் தாயும் ஊரும் அழைத்து வந்த பெயரை! அதையும் ஊரறியப் பறித்தனர். இத்தகைய ஒருவரிடம் போய், இழப்பை ஏற்றுக்கொள், மனத்தைத் தேற்றிக்கொள் என்று சொல்லும் ஆலோசனை அநீதிக்குத் துணைபோவதாகும். பொறுமை வேறு, வாய் மூடியிருத்தல் வேறு. 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே போன்ற இடர் வந்தபோது அவருடைய நாடு அவர் பின்னால் நின்றது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்த் தடை செய்யப்பட்டபோது வழக்கு விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை சென்று, 2015இல் அவர் மீண்டும் ஓட வழி பிறந்தது. போட்டிக்கு விதி எப்படி வகுப்பது என்பது பற்றி அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. அது வேறு நூலுக்குரிய பொருள். விதி எதுவாயினும், ஒருவரின் மானத்தை ஊரறியக் கலைத்துவிட்டுத் தனியே விடும் உரிமை எவருக்கும் இல்லை. சாந்தி பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பணி பெற்றார். பத்து ஆண்டுகள். அவற்றைத் தாமே கடந்தார்.

ஆகவே, அருகே சென்று அமர்பவர் முதலில் அறிய வேண்டியது, எதிரே இருப்பவர் இழந்தது காலத்திடமா, விபத்திடமா, மனிதரிடமா என்பதே. காலத்திடம் இழந்தவரோடு துக்கம் காக்கலாம். மையித்து வீட்டில் மூன்று நாள் அமர்வது போல. அங்கே நாம் இறந்தவரைப் பற்றிப் பேசுவோமேயன்றி, இறக்கவில்லை என்று வாதிடுவதில்லை. ‘நீ என்றும் எங்கள் வீரன்’ என்று மேடை போட்டுச் சொல்வது அவ்வகை வாதம். மனிதரிடம் இழந்தவருக்குத் துக்கம் காப்பது போதாது; வழக்குக்குச் சாட்சியாக நிற்க வேண்டும்.

மற்றுமொரு கூட்டம் நம் வீடுகளிலேயே இருக்கின்றது. சானியா மிர்ஸா 2018இல் தாயாகி, 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் இரட்டையர் பட்டம் வென்று திரும்பியதை நாடே கொண்டாடியது. அவ்வாறு திரும்பாதோர் எத்தனை ஆயிரம்! பள்ளியில் ஓடிய பெண்கள், கபடி ஆடியவர்கள், கோகோவில் மண்டலம் வரை போனவர்கள். திருமணத்தன்று அது முடிந்தது. முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. யாரும் ஆறுதல் சொல்லவுமில்லை, இழப்பென்றே எவருக்கும் தோன்றாததால்.

நம் உறவில் ஒரு பெண்மணி. கணவரும் அவரும் மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தனர். 200 மீட்டர் ஓட்டம். மகள் நான்காவதாக வந்தாள். கணவர் கைதட்டிக்கொண்டிருக்க, அவர் தமக்குள் பேசுவது போல், “வளைவுலயே மூச்சை விட்டுட்டா. நேர்கோட்டுக்கு மிச்சம் வைக்கல” என்றார். கணவர் திரும்பிப் பார்த்தார். மணமாகிப் பதினெட்டு ஆண்டுகள்.

“அது உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.